ஊர் வரலாறு எழுதும்போதும் பதில் சொல்லும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஊர் வரலாறு எழுத இளைஞர்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். அதியமான், செத்த வீரனுக்கு நட்ட நடுகல், மல்லச்சந்திரத்தில் இருக்கும் பழங்கால ஈமச் சின்னமான கல்திட்டை என்று ஃபேஸ்புக்கில் தினம் ஏதாவது ஒன்று கண்ணில் படுகிறது. சந்தோஷம்தான். ஆனால் முன்பு எழுத வந்தவர்கள் எங்கே இடறினார்களோ அதே இடத்தில்தான் இவர்களும் இடறுகிறார்கள். திட்டாதே, அடுத்தவர் எழுத்தைத் திருடாதே என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

சத்தமில்லாமல் திருத்துவது

இதை நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. ஒரு தம்பி, விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா தருமபுரிப் பக்கத்துப் பாப்பாரப்பட்டியில் பிறந்தவர் என்று எழுதிவிட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கீழே வந்து, "தம்பி, அவர் பிறந்தது வத்தலக்குண்டு, 1884. பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டு அங்கேயே தங்கி 1925இல் காலமானார்" என்று தன்மையாகச் சொன்னார். தம்பி ஒரு நன்றிகூடச் சொல்லாமல் மேலே இருந்த வரியை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விட்டார். அப்புறம் படிக்க வந்தவர்களுக்கு என்ன தெரியும்? மேலே சரியாக இருக்கிறது, கீழே ஒரு பெரியவர் அதையே திருத்திக்கொண்டிருக்கிறார். "ஐயா, அதைத்தானே அவரும் எழுதியிருக்கிறார், படிச்சிட்டுப் பேசுங்க" என்று ஆளாளுக்கு அவர் மேல் பாய்ந்தார்கள். அந்த ஆசிரியர் அதன்பிறகு யாருக்கும் எதையும் திருத்திச் சொல்வதில்லை. பாப்பாரப்பட்டி வட்டாரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு தெரிந்தவர்கள் சிலர்தான், அதில் ஒருவரை இழந்துவிட்டோம்.

போதாததற்கு, பழைய தவறான வரி அதற்குள் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றப் போயாகிவிட்டது. நீங்கள் உங்கள் பக்கத்தில் மாற்றினால், அடுத்தவர் போனில் இருக்கும் பிரதி மாறாது. ஒரு பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழில் "பாப்பாரப்பட்டியில் பிறந்த" என்றே அச்சாகி வந்ததை நான் கையில் வாங்கிப் பார்த்தேன்.

திருத்துங்கள், தப்பே இல்லை. ஆனால் கீழே ஒரு வரி சேருங்கள்: "பிறந்த ஊரை முதலில் பாப்பாரப்பட்டி என்று எழுதியிருந்தேன், அது தவறு, வத்தலக்குண்டு என்பதே சரி, சுட்டிக்காட்டிய ஐயாவுக்கு நன்றி." தேதியும் போடுங்கள். இரண்டு நிமிட வேலை. தவறான வரியை எடுத்துப் பகிர்ந்தவர்கள் யார் என்று தெரிந்தால் அவர்களுக்கும் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

சாமியை வைத்து வாதாடுவது

இந்தப் பக்கத்து நடுகற்கள் பலவும் இன்று வேடியப்பன் சாமி. ஒருவர் தங்கள் குலசாமிக்குப் பொங்கல் வைத்த படத்தைப் போட்டால், அதன் கீழே போய் "இது சாமி இல்லை, மாடு கவரும் சண்டையில் செத்த வீரனுடைய கல்" என்று எழுதுகிறார்கள். தகவல் சரியாகவே இருக்கலாம், சொல்கிற இடம் அது இல்லை. கல்லில் எழுத்து இருக்கிறதா, பக்கவாட்டில் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள், அந்தக் குடும்பமே கூட்டிப்போய்க் காட்டும்.

பழைய ஆண்டுக்குப் புதிய மாவட்டம்

கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2004இல். தருமபுரி மாவட்டம் உருவான 1965க்கும் 2004க்கும் இடையே அங்கே நடந்த சம்பவத்துக்கு ஒருவர் தருமபுரி மாவட்டம் என்று எழுதினால் அது பிழை இல்லை. சண்டைக்குப் போவதற்கு முன் ஆண்டைப் பாருங்கள்.

தருமபுரியா, தர்மபுரியா?

இரண்டும் புழக்கத்தில் இருக்கிறது. விடுங்கள்.

"நீங்க எந்த ஆளுங்க?"

கேட்கவே கூடாது.

ஆதாரம் கேட்டுவிட்டு விரட்டுவது

ஆதாரம் கேட்பது நல்ல பழக்கம். காலையில் கேட்டுவிட்டு மத்தியானமே "பதில் இல்லையா, ஓடிட்டீங்களா" என்பது நல்ல பழக்கம் இல்லை. எழுதியவர் ஓசூரில் ஷிப்ட் வேலையில் இருக்கலாம், புத்தகம் ஊர்வீட்டில் இருக்கலாம். ஒரு வாரம் பொறுத்து மறுபடி ஒருமுறை கேளுங்கள். அப்போதும் வரவில்லை என்றால், "இதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை" என்று மட்டும் கீழே எழுதிவிட்டு நகருங்கள்.