படகுக்குப் பின்னாடி தண்ணில எண்ணெய் மினுக்குதா? எஞ்சினைக் கழட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

மொரிஷியஸ்ல, அதுவும் மாயேபூர், புளூ பே பக்கம் படகு வச்சிருக்கவங்களுக்கு ஒரு தொல்லை உண்டு, லகூன் தண்ணி அடி மணல் தெரியுற அளவுக்கு தெளிவு, அதனால எஞ்சின்ல இருந்து ரெண்டு சொட்டு விழுந்தாலும் கலர் கலரா விரிஞ்சு ஊருக்கே தெரிஞ்சிரும். 2020 ஜூலை 25 அன்னைக்கு வாகாஷியோ கப்பல் புவான்ட் டெஸ்னி கிட்ட பவளப்பாறைல ஏறி, ஆகஸ்ட் 6ல இருந்து கிட்டத்தட்ட 1000 டன் எண்ணெய் கடல்ல கலந்துச்சே, ஊரே சேர்ந்து கரும்புச் சோகைய துணில திணிச்சு மிதவை கட்டுனோமே, அதுக்கப்புறம் தண்ணில மினுக்கு தெரிஞ்சாலே பக்கத்துப் படகுக்காரர் முறைக்கத்தான் செய்வார், அவரையும் குத்தம் சொல்ல முடியாது.

ஆனா மினுக்கு பெருசா இருக்குன்னு பயந்து எஞ்சினைப் பிரிச்சுப் போட்டுறாதீங்க. வெள்ளியா தெரியுற படலத்தோட தடிமன் 0.04ல இருந்து 0.3 மைக்ரான் தான், வானவில் கலர்ல தெரிஞ்சா 0.3ல இருந்து 5 மைக்ரான். கணக்குப் போட்டா ஒரு டீஸ்பூன் ஆயில், அதாவது 5 மில்லி, 0.1 மைக்ரான்ல விரிஞ்சா 50 சதுர மீட்டர் தண்ணிய மூடிரும். அதனால எவ்வளவு தூரத்துக்கு விரிஞ்சிருக்குன்றது முக்கியம் இல்ல, எப்ப வருதுன்றதுதான் முக்கியம்.

அதுக்கும் முன்னாடி, அது எண்ணெய் தானான்னு பாத்துக்கணும். லா ஷோ ஆறு வந்து கலக்குற இடம் மாதிரி சேறும் எலை தழையும் இருக்குற தண்ணில பாக்டீரியாவே இப்படி ஒரு படலம் போடும். ஒரு குச்சிய எடுத்து படலத்தைக் கலைச்சு விடுங்க, உடைஞ்ச அப்பளம் மாதிரி துண்டு துண்டா பிரிஞ்சு அப்படியே நின்னா அது பாக்டீரியா, உடனே வழிஞ்சு வந்து ஒண்ணா சேந்துக்கிட்டா அது எண்ணெய். அப்புறம் அது உங்க படகுல இருந்துதான் வருதான்னும் பாருங்க, காத்துக்கு மேல்பக்கம் இன்னொரு படகு நின்னா அங்கிருந்து மிதந்து வந்திருக்கலாம், படகைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிட்டு அரைமணி நேரம் விட்டா தெரிஞ்சிரும்.

சரி இப்ப நேரத்துக்கு வருவோம். முதல்ல படகுக்குப் பின்னாடி வெளிய மாட்டுற அவுட்போர்டு எஞ்சின். எஞ்சினே போடல, ராத்திரி பூரா எஞ்சினோட காலை, அதாவது ப்ரொபெல்லர் இருக்குற கீழ்ப்பாகத்தை, தண்ணிக்குள்ள இறக்கி வச்சிருந்தீங்க, விடிஞ்சு பாத்தா ப்ரொபெல்லர் பக்கத்துல மினுக்கு, அப்படின்னா முதல் சந்தேகம் அந்தக் காலுக்குள்ள இருக்குற கியர் ஆயில் மேலதான். இதுக்கு தொண்ணூறு சதம் காரணம் தூண்டி நரம்புன்னு நான் சொல்லுவேன், ப்ரொபெல்லருக்குப் பின்னாடி போய் ஷாஃப்ட்ல சுத்திக்கும், சுத்துற வேகத்துல சீலுக்குள்ள (ஆயில் வெளிய வராம தடுக்குற ரப்பர் வளையம்) இறங்கி ரப்பரை அறுத்துரும், வெளிய ஒண்ணுமே தெரியாது. கிளிப்பை எடுத்து நட்டைக் கழட்டி ப்ரொபெல்லரை உருவுங்க, அங்க ஒரு இன்ச் நரம்பு இருந்தாலும் இழுத்து எடுங்க. அப்புறம் கால் அடில இருக்குற ஸ்க்ரூவை லேசா லூஸ் பண்ணி முதல்ல வர்ற ஆயிலை ஒரு வெள்ளைக் கிண்ணத்துல பிடிங்க (எஞ்சின் ஒரு ராத்திரி ஆடாம நின்னிருக்கணும், அப்பத்தான் தண்ணி அடில தங்கியிருக்கும்). மொதல்ல தண்ணி வந்தாலோ, பால் ஊத்துன காப்பி கலர்ல வந்தாலோ கடல்தண்ணி உள்ள போயிருச்சு, ஆயில் வெளிய போற வழிலதான் தண்ணியும் உள்ள வருது. சுத்தமா தெளிவா வந்தா ஸ்க்ரூ வாஷர் மட்டும் பழசாகியிருக்கலாம், பல பேர் ஆயில் மாத்துவாங்க வாஷரை மாத்த மாட்டாங்க. இன்னொன்னு, ப்ரொபெல்லர் ஷாஃப்ட்ல புதுசா கிரீஸ் தடவியிருந்தா கொஞ்ச நாளைக்கு லேசா மினுக்கும், அது கசிவு இல்ல.

எஞ்சினைப் போட்ட உடனே வருதா? கார்புரேட்டர் வச்ச பழைய டூ ஸ்ட்ரோக்னா அது பொறவிக் குணம், போடுற பெட்ரோல்ல 20, 30 சதவீதம் வரைக்கும் எரியாமலே எக்ஸாஸ்ட் வழியா தண்ணிக்குள்ள போகுது, ஆயிலும் அதுலயே கலந்திருக்கு. இதை முழுசா நிறுத்த முடியாது, குறைக்கலாம். 50க்கு 1 கலக்குற எஞ்சின்னா லிட்டருக்கு 20 மில்லி ஆயில், கண்ணளவுல ஊத்துறவங்க இன்னும் கொஞ்சம் இருந்தா எஞ்சினுக்கு நல்லதுன்னு ஊத்திட்டே போவாங்க, அது பிளக்குக்கும் கெடுதல் தண்ணிக்கும் கெடுதல். சோக்கை இழுத்தபடியே மறந்துட்டு ஓட்டுறதும் இதே கதை.

ஃபோர் ஸ்ட்ரோக்ல இப்படி வரக்கூடாது. வந்தா டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பாக்குற குச்சிய, எடுங்க, மேல் கோட்டுக்கு மேல ஆயில் இருக்கா, மோந்து பாத்தா பெட்ரோல் வாடை வருதா? நீங்க ஊத்தாமலே லெவல் ஏறியிருந்தா பெட்ரோல் கிரான்க்கேஸ்ல, அதாவது எஞ்சின் ஆயில் இருக்குற இடத்துல, இறங்குதுன்னு அர்த்தம், ரொம்ப நேரம் மெதுவா ஓட்டி மீன் புடிக்கிறவங்களுக்கு எஞ்சின் சரியா சூடேறாம இது வரும், ஃப்யூவல் பம்ப் டயாஃப்ரம் கிழிஞ்சாலும் வரும். இல்லன்னா எஞ்சினைக் கழட்டி வண்டில கொண்டு போகும்போது தப்பான பக்கம் சாய்ச்சுப் படுக்க வச்சிருப்பாங்க, ஆயில் சிலிண்டருக்குள்ள போயிருக்கும், எந்தப் பக்கம் படுக்க வைக்கணும்னு மேனுவல்லயே போட்டிருக்கும்.

எஞ்சினை நிறுத்தி தூக்கி விட்ட பிறகு சொட்டுதுன்னா பெரும்பாலும் கார்புரேட்டர்ல மிச்சமிருக்குற பெட்ரோல்தான், இல்லன்னா ஹோஸ் கனெக்‌ஷன். ஹோஸ்ல இருக்குற பிரைமர் பல்பை (கையால பெட்ரோல் ஏத்துற ரப்பர் உருண்டை) அமுக்குங்க, கெட்டியாகி அப்படியே நிக்கணும், அமுக்க அமுக்க மெத்துமெத்துன்னே இருந்தா எங்கயோ போகுது. டேங்கை விளிம்பு வரைக்கும் நிரப்பிட்டு வெயில்ல விட்டாலும் பெட்ரோல் விரிஞ்சு டேங்கோட காத்து ஓட்டை (வென்ட்) வழியா வழியும், இதுக்குப் போய் எஞ்சினைத் திட்டாதீங்க.

எந்த எண்ணெய்னு சந்தேகமா இருந்தா படலத்து மேல டிஷ்யூ பேப்பரை ஒத்தி எடுத்து வெயில்ல வைங்க. பெட்ரோல்னா சீக்கிரம் ஆவியாயிரும், டீசல்னா வாடையும் கறையும் நிக்கும், கியர் ஆயில் விரல்ல பிசுபிசுக்கும், கந்தக நாத்தம் அடிக்கும்.

உள்ள டீசல் எஞ்சின் இருக்குற படகுன்னா முதல்ல பாக்க வேண்டியது பில்ஜ், அதாவது தண்ணி தேங்குற படகோட உள் அடிப்பகுதி. எஞ்சின்ல இருந்து ஒழுகுனதெல்லாம் அங்க தேங்கி, ஆட்டோமேட்டிக் பம்ப் ஓடும்போது மொத்தமா கடலுக்குப் போகும், அதனால நாள்பூரா ஒண்ணும் இல்லாம திடீர்னு ஒரு தடவை வந்துட்டு நின்னா பம்பைத்தான் பாக்கணும். எஞ்சினுக்கு அடில எண்ணெய் மட்டும் உறிஞ்சுற வெள்ளை பேடை விரிச்சு வைங்க, எந்த இடம் முதல்ல கறுக்குதோ அதுக்கு மேலதான் கசிவு. எஞ்சின் ஓடும்போதெல்லாம் எக்ஸாஸ்ட் தண்ணியோட கறுப்பா ஆயில் வருது, டிப்ஸ்டிக்ல லெவல் இறங்குது, ஆனா பில்ஜ் சுத்தமா இருக்குன்னா ஆயில் கூலர் உள்ள ஓட்டையா இருக்கலாம், அதை மெக்கானிக் கிட்ட காட்டாம ஓட்டாதீங்க.

எது எப்படியோ, பாத்திரம் கழுவுற சோப்பை ஊத்தி மினுக்கை மறைக்காதீங்க. எண்ணெய் எங்கயும் போகாது, பொடிப் பொடியா உடைஞ்சு கீழ இறங்கி பவளத்துக்கும் மீனுக்கும் போகும், மேல தெரியாதுன்றது மட்டும்தான் லாபம். பேடை வச்சு எடுங்க.

கியர் ஆயில் திரும்ப ஊத்தும்போது எஞ்சினை நேரா நிறுத்தி அடி ஓட்டை வழியா மெதுவா ஏத்துங்க, மேல் ஓட்டைல காத்துக்குமிழி இல்லாம ஆயில் வழியுற வரைக்கும். மேல் ஸ்க்ரூவை புது வாஷரோட முதல்ல இறுக்கிட்டு அப்புறம் ட்யூபை எடுத்து அடி ஸ்க்ரூவைப் போடுங்க. சில மணி நேரம் ஓட்டிட்டு மறுபடி கொஞ்சம் வடிச்சுப் பாருங்க, திரும்பவும் பால் கலர் வந்தா சீல் போயிருச்சு, சீல் மாத்துறவர் கிட்ட காத்து அடைச்சு பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, எந்த சீல்னு தெரியாம ஒவ்வொண்ணா மாத்துனா காசுதான் போகும்.