ரேவால் நடைக் குதிரையோடு தென்னந்தோப்புப் பாதையில்

மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள் பலவற்றுக்கு ரேவால் நடை பிறவியிலேயே உண்டு. ஒரு பக்கத்துப் பின்காலும் முன்காலும் அடுத்தடுத்து விழும், இருக்கை குலுங்காது. பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத்து வாய்க்கால் கரைகளில் இரண்டு மணி நேரம் போனாலும் இடுப்பு வலிக்காது. குதிரை வாங்குவதே இதற்காகத்தான்.

இந்த நடை கெடுவது பெரும்பாலும் சேணத்தால். தோள்பட்டை எலும்பின் மேல் ஏறாமல், அதற்கு இரண்டு விரல் பின்னால் வையுங்கள். தோள் அடைபட்டால் அடி குறுகும், முதுகு குழியும், கடைசியில் குலுங்கோட்டம்தான். வயிற்று வாரைப் பூட்டி, பத்து நிமிடம் நடத்தி, மறுபடி இறுக்குங்கள். உப்பிய வயிறு அதற்குள் இறங்கிவிடும். ஏறியதும் கடிவாளத்தை இழுக்காதீர்கள். விறுவிறு நடையில் தொடங்கி, கடிவாள வாரை லேசாகப் பிடித்தபடி குதிகாலால் மெல்ல அழுத்தினால் ரேவால் தானாக வரும். குலுங்கத் தொடங்கினால் சாதாரண நடைக்கு இறக்கி, மீண்டும் ரேவாலைக் கேளுங்கள். அவசரப்பட்டால் கிடைக்காது.

லாடம் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை. குளம்பு முனை நீண்டால் கால் இடறும்.

தோப்பில் காய்ந்த மட்டை விழும் சத்தத்துக்கு எந்தக் குதிரையும் மிரளும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் கூடுதலாக. முதலில் கையில் பிடித்து நடத்திப் பழக்குங்கள்.

இறங்கிப் பதினைந்து நிமிடம் கழித்து நாடி பாருங்கள். நிமிடத்துக்கு 60-க்கு மேலிருந்தால் நிழலில் நிறுத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். குடிக்கவும் கொடுங்கள். கொள்ளு மட்டும் ஒரு மணி நேரம் கழித்து.