முதல் அரை மணி நேரம் மட்டும் மிரட்டும் பேய்ப் படங்கள்: சின்ன பட்ஜெட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்ன பட்ஜெட் பேய்ப் படங்களில் ஒரு ரகம் உண்டு. முதல் அரை மணி நேரம் மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்ப்போம். "யாருப்பா இந்த டைரக்டர், நல்லா எடுத்திருக்கானே" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லக்கூடத் தோன்றும். அப்புறம் எங்கேயோ ஓரிடத்தில் பயம் கழன்றுகொள்ளும், கை தானாகச் செல்போனைத் தேடும். முழுக்க மோசமான படத்தைவிட இந்த ரகம்தான் கூடுதல் எரிச்சல் தரும். அதனிடம் நாம் எதையோ எதிர்பார்த்துவிட்டோம் இல்லையா?

கேட்டால் "காசு இல்லை சார்" என்பார்கள். அது பாதி உண்மைதான். ஓரன் பெலி 'பேரநார்மல் ஆக்டிவிட்டி'யை எடுத்தது தன் சொந்த வீட்டில், சுமார் 15,000 டாலரில். அந்தப் படத்தின் பெரும்பாலான திகில் காட்சிகளில் நடப்பது இவ்வளவுதான்: படுக்கையறையில் அசையாத ஒரு கேமரா, தூங்கும் இரண்டு பேர், தானாக அசையும் ஒரு கதவு. 2009இல் தியேட்டருக்கு வந்து உலகம் முழுக்க வசூலை அள்ளியது. காசு இல்லாமல் கெட்ட பேய்ப் படங்களைவிட, இல்லாத காசை இருப்பதுபோல் காட்டப் போய்க் கெட்டவை அதிகம். அதைவிடவும் அதிகம், தொடக்கத்தில் கிளப்பிய எதிர்பார்ப்பைத் தாங்களே மறந்துபோனவை.

சுவர் என்ன ஆயிற்று?

ஒரு படத்தை நாமே கற்பனை செய்வோம். ஒரு பெண் தனியாக ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறாள். ராத்திரி, படுக்கையறைச் சுவருக்குள் ஏதோ சத்தம். எலியாக இருக்கும் என்று விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுகிறாள். சத்தம் நின்றுவிடுகிறது. திரும்பிப் படுக்கும்போது சுவர் இரண்டு தட்டுத் தட்டுகிறது. எழுந்து உட்கார்ந்து மூன்று தட்டுகிறாள். சுவரும் மூன்று தட்டுகிறது. அவள் கையை இழுத்துக்கொள்கிறாள். இப்போது அவள் தட்டாமலே, சுவர் நான்கு தட்டுகிறது.

இதற்கு ஆகும் செலவு ஒரு நடிகை, ஒரு சுவர், ஒரு விளக்கு. ஆனால் பார்ப்பவரிடம் படம் நிறையச் சொல்லிவிட்டது. உள்ளே இருப்பதற்கு எண்ணத் தெரியும். அது கேட்டுக்கொண்டிருக்கிறது. அவள் நிறுத்தினாலும் அது நிறுத்தாது. அடுத்து ஐந்தா? எத்தனை வரை போகும்? அங்கே போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும்?

இனி வழக்கமாக நடப்பது: நாற்பதாவது நிமிடத்தில் கண்ணாடியில் ஓர் உருவம் தெரிகிறது. ஐம்பதாவது நிமிடத்தில் ஒரு பொம்மை தலையைத் திருப்புகிறது. எழுபதாவது நிமிடத்தில் பேயோட்ட ஒருவர் வருகிறார், காற்று அடிக்கிறது, விளக்குகள் வெடிக்கின்றன. சுவர் என்ன ஆயிற்று என்று எவரும் கேட்பதில்லை. இயக்குநரும் கேட்கவில்லை.

இந்தத் தவறுக்குக் காரணம் பெரும்பாலும் படம் பிறந்த விதம். தொடக்கக் காட்சி ஒரு குறும்படமாகத் தோன்றியிருக்கும், அல்லது தயாரிப்பாளரிடம் கதை சொல்லி ஓகே வாங்குவதற்காகச் செதுக்கப்பட்டிருக்கும். மீதி தொண்ணூறு நிமிடத்தைப் பின்னால் நிரப்பியிருப்பார்கள். கைக்கு எட்டிய பொருள்களால் நிரப்பும்போது மற்ற படங்களில் பார்த்ததெல்லாம் உள்ளே வந்துவிடும்.

ஷூட்டிங்குக்கு முன் செய்யக்கூடிய ஒரு சுலபமான வேலை உண்டு. முதல் பதினைந்து நிமிடத்தில் படம் கிளப்பும் கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, எந்தக் காட்சியில் அதற்குப் பதில் வருகிறது அல்லது அது இன்னும் மோசமாகிறது என்று காட்சி எண்ணைப் போடுங்கள். எண் போட முடியாத கேள்வி ஒன்று இருந்தால் அந்தத் தொடக்கத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் முடிவை மாற்றுங்கள். நம் சுவர்ப் படத்துக்கு நான் யோசிக்கும் முடிவு: கடைசியில் சுவருக்குள் இருப்பது அவள்தான், வெளியே புதிதாகக் குடிவந்த யாரோ இரண்டு தட்டுகிறார்கள். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, பாதிப் பேர் ஊகித்தும் விடுவார்கள். ஆனாலும் பொம்மையையும் பேயோட்டியையும்விட இது எவ்வளவோ மேல். ஊகித்தவர்களும் அந்தத் தட்டுக்காகத்தான் காத்திருப்பார்கள்.

1999இல் வந்த 'த பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' இதை எவ்வளவு சிக்கனமாகச் செய்கிறது என்று பாருங்கள். படத்தின் தொடக்கத்தில் ஊர்க்காரர் ஒருவர் பழைய கொலைகாரன் ஒருவனைப் பற்றிப் பேசுகிறார்: ஒரு குழந்தையைச் சுவர் மூலையைப் பார்த்து நிற்கவைத்துவிட்டு இன்னொரு குழந்தையைக் கொல்வானாம். போகிற போக்கில் வரும் பேச்சு. கடைசி ஷாட்டில் ஒருவன் மூலையைப் பார்த்தபடி நிற்கிறான். அவ்வளவுதான். சூனியக்காரி கண்ணில் படவே இல்லை. மேக்கப் இல்லை, சிஜி (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்) இல்லை, ஒரு மனிதனின் முதுகு மட்டும்.

பேய்க்கும் சட்டம் உண்டு

பேய்க்கு என்ன முடியும், என்ன முடியாது என்று முடிவு செய்யாமல் படம் எடுப்பது அடுத்த பெரிய தவறு. 'லைட்ஸ் அவுட்' என்ற பெயரில் டேவிட் சாண்ட்பெர்க் 2013இல் ஒரு குறும்படம் எடுத்தார். மூன்று நிமிடத்துக்கும் குறைவு. நடித்தது அவருடைய மனைவி. விளக்கை அணைத்தால் நடைவழியில் ஓர் உருவம் நிற்கிறது. போட்டால் யாரும் இல்லை. சட்டம் இவ்வளவுதான், ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் புரிந்துவிடுகிறது. புரிந்த நொடியிலிருந்து ஸ்விட்சின் மேல் இருக்கும் அவள் விரலைத்தான் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதையே 2016இல் முழுநீளப் படமாக எடுக்கும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது.

பல படங்களில் என்ன ஆகிறது? முதல் பாதியில் கதவை மெதுவாகத் திறக்க மட்டுமே முடிந்த பேய், கிளைமாக்ஸில் ஆறு பேரைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறது. இவ்வளவு பலம் இருந்தால் ஒரு மணி நேரமாக ஏன் கதவோடு விளையாடிக்கொண்டிருந்தது என்று பார்ப்பவர் யோசிக்கத் தொடங்கிவிடுவார். யோசிக்கத் தொடங்கியவர் அப்புறம் பயப்பட மாட்டார்.

பேயின் பலம் கூடவே கூடாது என்று சொல்லவில்லை. கூடும் விதத்துக்கு ஒரு வரிசை வேண்டும். நம் கதையில் தட்டு முதலில் சுவரில் கேட்கலாம், மறுநாள் கூரையில், அதற்கடுத்து கட்டில் கட்டையில், தலைமாட்டுக்கு நேர் கீழே. தட்டுவது என்ற ஒரே செயல்தான், நெருங்கி வருகிறது.

காட்டுவதா, மறைப்பதா

"பேயைக் காட்டாதே, அதுதான் கலை" என்று ஒரு கட்சி இருக்கிறது. நான் அந்தக் கட்சியில் முழு உறுப்பினர் இல்லை. கடைசி வரை எதையும் காட்டாமல், காட்ட எதுவுமே யோசித்து வைக்காத படங்களும் உண்டு. அந்த வெறுமையைப் பார்வையாளர் மோப்பம் பிடித்துவிடுவார். ஆனால் கையில் காசு குறைவு என்றால், காட்டுவதைத் தள்ளிப்போடுவதும் குறைத்துக் காட்டுவதும்தான் புத்திசாலித்தனம். மலிவான சிஜி பேயை ஒரு முறை பார்த்துவிட்டால் அதற்கு முன் பயந்ததற்கே வெட்கமாகிவிடும்.

1942இல் தயாரிப்பாளர் வால் லூட்டனும் இயக்குநர் ஜாக் டூர்னரும் எடுத்த 'கேட் பீப்பிள்' இந்த வகையில் இன்றும் பாடம்தான். அதுவும் சின்ன பட்ஜெட் படமே. ராத்திரி நீச்சல் குளத்தில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். கூரையிலும் சுவரிலும் தண்ணீரின் ஒளி அலைகிறது. எங்கிருந்தோ ஓர் உறுமல், நிழல்போல ஏதோ ஒன்று. விலங்கு இருக்கிறதா இல்லையா என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் குளத்தை விட்டு வெளியே வர அவளுக்கு ஏன் துணிவில்லை என்று நமக்குப் புரிகிறது.

காட்டியே ஆகவேண்டும் என்றால் மேக்கப்பைவிட அசைவை நம்புங்கள். 1998இல் வந்த ஜப்பானியப் படம் 'ரிங்கு'வில் பேயாக வரும் சடாகோ நடந்து வருவது ஏன் அப்படி உறுத்துகிறது? நடிகையைப் பின்னோக்கி நடக்கவிட்டு எடுத்து, அதைத் திருப்பி ஓட்டினார்கள். முகம் முடிக்குள் மறைந்தே இருக்கிறது. தலைமுடி முகத்தை மூடிய பெண் அதற்கப்புறம் எத்தனையோ படங்களில் வந்தாயிற்று. எல்லோரும் காப்பியடித்தது முடியை. பயமுறுத்தியது நடை.

சத்தத்தில் கோட்டைவிடுவது

ஜான் கார்பென்டர் 1978இல் 'ஹாலோவீன்' எடுத்து முடித்தபோது, இசையும் ஒலி விளைவுகளும் சேர்க்காத பிரதியை ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டினார். அவருக்குத் துளியும் பயம் வரவில்லையாம். இசையைக் கொண்டுதான் இதைக் காப்பாற்ற வேண்டும் என்று கார்பென்டர் உட்கார்ந்து தானே இசையமைத்தார். மீதி எல்லோருக்கும் தெரியும், படம் பெரிய வெற்றி. பேய்ப் படத்தில் சத்தத்துக்கான காசைக் கடைசியில் மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று விடுவதைவிடப் பெரிய தவறு கிடையாது. கேமரா வாடகையில் ஒரு நாளைக் குறைத்தாவது அதை ஒதுக்கிவையுங்கள்.

சத்தம் கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பழைய வீட்டின் பெரிய கூடத்தில் நின்று பேசுகிறார்கள், குரலோ டப்பிங் அறையின் பஞ்சுச் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எதிரொலி இல்லை, அறையின் மூச்சே இல்லை. ஷூட்டிங் முடிந்ததும் எல்லோரையும் ஒரு நிமிடம் சும்மா நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டால் போதும், எடிட்டிங்கில் அது தங்கம். அடுத்தது, ரெடிமேடாக வாங்கிய 'ஊஊஊம்' என்ற அடித்தொனியை முதல் காட்சி முதல் கடைசிவரை ஓடவிடுவது. எப்போதும் ஏதோ ஒன்று உறுமிக்கொண்டே இருந்தால், அமைதி என்று ஒன்று படத்தில் இருக்காது. அமைதி இல்லாத படத்தில் தட்டுச் சத்தம் எப்படிக் கேட்கும்?

ஜம்ப் ஸ்கேரை, அதாவது திடீரென்று ஏதோ பாய்ந்து நம்மைத் தூக்கிவாரிப்போட வைப்பதை, நான் எதிர்க்கவில்லை. 'கேட் பீப்பிள்' படத்திலேயே மிகப் புகழ்பெற்ற ஒன்று இருக்கிறது. இருட்டுத் தெருவில் ஒருத்தி நடக்கிறாள், பின்னால் இன்னொருத்தியின் காலடிச் சத்தம். ஒரு கட்டத்தில் பின்னால் வரும் காலடி மட்டும் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் வேகமெடுக்கிறாள், திரும்பிப் பார்க்கிறாள், ஒன்றும் இல்லை. திடீரென்று சீறலோடு ஒரு பஸ் திரைக்குள் நுழைகிறது. இந்த உத்திக்கே சினிமாக்காரர்கள் 'லூட்டன் பஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே வேலை செய்தது பஸ்ஸின் சீறல் மட்டும் இல்லை, அதற்கு முன் நின்றுபோன காலடியும்தான். இப்போது பல படங்கள் காலடியை விட்டுவிட்டு பஸ்ஸை மட்டும் பத்து தடவை ஓட்டுகின்றன. மூன்றாவது தடவையில் பார்ப்பவர் காதைப் பொத்திக்கொண்டு தயாராக இருப்பார்.

மற்ற சில

இருட்டுக் காட்சி என்றால் விளக்கே வேண்டாம் என்று நினைப்பது. இருட்டாகத் தெரிவதற்கும் லைட்டிங் வேண்டும். கேமராவின் ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் திறனை) மட்டும் ஏற்றி எடுத்தால் கருப்புக்குப் பதில் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். ஃப்ரேமுக்குள் ஒரு மேசை விளக்கை வைத்து, மூலையைக் கருப்பாக விடுங்கள். டி.ஐ. (படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் வேலை) முடிப்பதற்கு முன் படத்தைச் சாதாரண செல்போனில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், பலர் பார்க்கப்போவது அதில்தான்.

"அந்த வீட்டை விட்டு ஏன் போகவில்லை?" இதற்குப் பதில் ஒரு வரியில் இருந்தாலே போதும், ஆனால் அந்த ஒரு வரி வேண்டும். கையடக்கக் கேமராவில் எடுத்ததுபோல் நகரும் படம் என்றால் கூடவே இன்னொரு கேள்வியும் வரும்: உயிர் போகிற நேரத்தில் எவன் கேமராவைப் பிடித்துக்கொண்டு ஓடுவான்?

இரண்டாம் பாதியில் ஒரு பெரியவர் வந்து பன்னிரண்டு நிமிடம் ஃப்ளாஷ்பேக் சொல்வது. பேயின் பூர்விகம் எழுதியவருக்குப் பிடித்த அளவு பார்ப்பவருக்குப் பிடிப்பதில்லை. அந்தப் பேய்க்கு நியாயம் இருக்கிறது என்று தெரிந்ததும் பாதிப் பயம் போய்ப் பாவமாகிவிடும். அந்தப் பாவ உணர்ச்சிதான் வேண்டும் என்றால் சரி, அப்போது படம் தொடக்கத்திலிருந்தே அந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

நீளம். ஐம்பது நிமிடக் கதையை நூறு நிமிடமாக இழுக்கும்போதுதான் கனவுக் காட்சிகளும் காமெடி நண்பரும் உள்ளே நுழைகிறார்கள். 2020இல் ஊரடங்குக் காலத்தில், நடிகர்கள் அவரவர் வீட்டிலிருந்தபடி எடுத்த 'ஹோஸ்ட்' ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அதற்காக யாரும் அதைக் குறை சொல்லவில்லை.

முடிவில் "எல்லாம் அவள் மனப்பிரமை" என்பதும், சுபமாக முடிந்த பிறகு கடைசி நொடியில் ஒரு கை வெளியே வருவதும் வேண்டவே வேண்டாம். முதலாவது, பார்த்த எதற்கும் மதிப்பில்லை என்கிறது. இரண்டாவது, படம் முடியவில்லை என்கிறது, ஆனால் எப்படி முடியும் என்று எடுத்தவருக்கும் தெரியவில்லை.

இன்னொன்று படத்துக்கு வெளியே நடப்பது. டிரெய்லர் வெட்டுகிறவரிடம் முழுப் படத்தையும் கொடுத்தால், இருப்பதிலேயே நல்ல மூன்று பயக்காட்சிகளையும் எடுத்துப் போட்டுவிடுவார். தியேட்டரில் அவை வரும்போது எல்லோரும் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். 'பிளேர் விட்ச்' குழு விளம்பரத்தில் நடிகர்களைக் காணாமல் போனவர்களாகவே காட்டியது. படம் சொன்ன அதே பொய்யைத்தான் விளம்பரமும் சொன்னது. அதனால் உள்ளே போனவருக்கு வேறு படம் கிடைக்கவில்லை. உங்கள் டிரெய்லரை முதல் இருபது நிமிடத்திலிருந்து மட்டும் வெட்டச் சொல்லுங்கள். படம் முழுக்க முகத்தை மறைத்து வைத்திருக்கும் பேயின் முகத்தைப் போஸ்டரில் பெரிதாகப் போட வேண்டும் என்று விநியோகஸ்தர் கேட்டால், அந்த ஒரு விஷயத்தில் மட்டுமாவது சண்டை போடுங்கள்.