அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை ஆளுக்கேற்ப அமைத்தல்: நீலகிரி ஆலோசகர்களுக்கு

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் பிலடெல்பியாவில் தொடங்கிவைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, எண்ணம், உணர்வு, உடல், செயல் ஆகிய நான்கும் ஒன்றையொன்று இழுத்துச் செல்லும் சுழலை ஏதேனும் ஓரிடத்தில் அறுக்க முயல்கிறது. எவ்விடத்தில் அறுப்பது என்பதே ஆளுக்கு ஆள் மாறும்.

முதல் அமர்வில், வந்தவர் தம் துன்பத்துக்கு வைத்திருக்கும் சொற்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். கூடலூர்ப் பக்கம் கொழுந்து பறிக்கும் பெண் 'மனச்சோர்வு' என்று சொல்வது அரிது. தலைபாரம், படபடப்பு, வேலையில் கை ஓடவில்லை என்பார். அச்சொற்களைக் கொண்டே, அண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் மனத்தில் ஓடியது என்ன, உடல் செய்தது என்ன, பிறகு அவர் தவிர்த்தது எது என்று வரைந்து காட்டி, அது சரிதானா என்று அவரிடமே கேளுங்கள். மனச்சோர்வின் கடுமையை மதிப்பெண்ணால் அளக்கும் பி.எச்.கியூ-9 என்ற பட்டியலின் ஒன்பது வினாக்களை வாய்மொழியாகக் கேட்கலாம். தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது வினாவைத் தாண்டிச் செல்லக் கூடாது. ஆம் என்றால் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு, வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்பது உட்பட அன்றே விசாரித்து, மனநல மருத்துவரிடம் சேர்ப்பித்து, அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி-மானஸ் எண் 14416-ஐயும் கொடுங்கள்.

இம்மலையில் புதியவர்கள் பெரிதும் தடுமாறுவது அச்சத்தை அளப்பதில்தான். யானை நடமாடும் வழியில் இருட்டிய பின் தனியே செல்ல மறுப்பவரிடம் 'இதற்கு ஆதாரம் என்ன' என்று கேட்பது சிகிச்சையன்று, அறியாமை. அதே வழியில் அக்கம்பக்கத்தார் எப்போது, எத்தனை பேராகச் செல்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் துணையோடு போகும் வேளையில் இவரும் துணை தேடினால் அது முன்னெச்சரிக்கை. அவர்கள் கவலையின்றிக் கடைக்குப் போகும் நண்பகலிலும் இவர் கதவைத் திறக்காவிட்டால், அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சியை அங்கிருந்து தொடங்கலாம்.

திடீர்ப் பீதி உள்ளவருக்கு, வேண்டுமென்றே மூச்சிரைக்க வைத்து அது ஆபத்தில்லை என்று உணர்த்தும் பயிற்சிக்கு வீட்டு வாசலின் ஏற்றமே போதும். ஆனால் இரத்தசோகை, தைராய்டு, இதயக் கோளாறு இல்லையென்று மருத்துவர் உறுதி செய்த பிறகே அதைச் செய்யுங்கள்.

எழுதப் பழகாதவரிடம் மனத்தில் ஓடுவதை அவ்வப்போது எழுதிவைக்கும் எண்ணப் பதிவேட்டைத் திணிக்க வேண்டாம். கைப்பேசியில் குரல் பதிவு, அதுவும் இயலாவிட்டால் கவலை வரும்போதெல்லாம் ஒரு பையிலிருந்து மறுபைக்கு ஒரு புளியங்கொட்டை. சோர்வு கடுமையாக இருந்தால் எண்ணங்களை ஆராய்வதை ஒத்திவைத்து, நாளுக்கு ஒரு சிறு செயலைத் திட்டமிடுங்கள். கொழுந்து மிகுந்த மாதங்களில் வீட்டுப்பாடத்தைப் பாதியாக்கி, அமர்வை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள்.

நான்கைந்து அமர்வுகளுக்குப் பின் பி.எச்.கியூ-9 மதிப்பெண்ணில் குறைந்தது ஐந்து புள்ளிகளாவது இறங்கவில்லையெனில், அவர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதுவதற்கு முன், நீங்கள் வரைந்த படத்தை அவர்முன் மறுபடி விரித்து, விடுபட்டது எது என்று கேளுங்கள். கடன், கணவரின் குடி போன்றவை பெரும்பாலும் அப்போதுதான் வெளிவரும்.