கத்திரி வந்த பிறகு ஏசி மாட்ட ஓடாதீர்கள்: கடலூர், புதுச்சேரி வீடுகளில் நடக்கும் தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் படுக்கையறை மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிறது. முதல் ஏசியை ஒரு கத்திரி வெயிலில்தான் வாங்கினோம். அம்மா மூன்று இரவாகத் தூங்கவில்லை என்றதும் கடைக்கு ஓடி, அன்று இருப்பில் இருந்ததை எடுத்தோம். பெட்டி மறுநாளே வந்துவிட்டது. மாட்டுகிறவர் வர ஐந்து நாள் ஆனது. இரவு எட்டரைக்கு வந்தார். எங்களுடையது அன்று அவருக்கு ஆறாவது வீடு. சுவரைத் துளைத்தார், காப்பர் பைப்பை இழுத்து நட்டுகளை முறுக்கினார், அவுட்டோர் யூனிட்டின் வால்வை ஒரு நொடி திறந்து புஸ்ஸென்று காற்றை வெளியே விட்டார். "முடிஞ்சுது சார், போட்டுப் பாருங்க." முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அறை ஜில்லென்று ஆனது, எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

அடுத்த பங்குனியில் போட்டால் காற்று வந்தது, குளிர் வரவில்லை. வேறொரு மெக்கானிக் வந்து பைப் சேரும் நட்டின் மேல் சோப்பு நுரையைத் தடவினார். கடுகளவு குமிழ் ஒன்று மெல்ல ஊதி, உடைந்து, மறுபடி ஊதியது. நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தன. ஓர் ஆண்டாகக் கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

முதலில் வந்தவர் செய்யாமல் விட்டது ஒரே ஒரு வேலை. பைப்பை இணைத்ததும் வேக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். குறைந்தது 15, 20 நிமிடமாவது அது ஓட வேண்டும். நிறுத்திய பிறகு மீட்டர் முள் அசையாமல் நிற்கிறதா என்று சற்று நேரம் பார்க்க வேண்டும். முள் ஏறினால் எங்கோ கசிகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். கடற்கரை ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். அது உள்ளே தங்கினால் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, மோட்டார் சுருளை நாளடைவில் கெடுத்துவிடும். இப்போது புதிதாக வரும் வீட்டு ஏசிகளில் பெரும்பாலும் ஆர்32 கேஸ்தான். அது ஓரளவு தீப்பற்றக்கூடியது. ஆகவே கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளும் பழைய வழக்கம் இதற்கு ஆகவே ஆகாது.

அந்த மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? ஒரே நாளில் ஆறு வீடு ஏறி இறங்குகிறவருக்கு அந்த அரை மணி நேரம் பெரிய விஷயம். மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை நீளும் கத்திரியில் ஊரே ஒன்றாகக் கூப்பிடுகிறது. நாம் கூப்பிட்ட நேரம்தான் தவறு. அதற்குப் பிறகு நான் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: அளவெடுப்பதைச் சித்திரை, வைகாசியில் வைத்துக்கொள்ளுங்கள், மாட்டுவதைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் முடிந்தால் மழை ஓய்ந்திருக்கும், சுவர் காய்ந்திருக்கும், மெக்கானிக் பொறுமையாக இருப்பார். பகலில் 28, 29 டிகிரி இருப்பதால் ஏசியை ஓட்டிப் பார்க்கவும் முடியும். ஆனால் தை மாதத்துக்கென்றே சில தவறுகள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் போனால் பலன் பாதிதான்.

முதல் தவறு, குளிர்ந்த அறையில் நின்றுகொண்டு எத்தனை டன் ஏசி, அதாவது எவ்வளவு குளிர்விக்கும் திறன் வேண்டும் என்று முடிவு செய்வது. ஜனவரியில் எந்த அறைக்கும் ஒரு டன் போதும் போலத்தான் தோன்றும். மேற்குச் சுவர் மே மாதத்தில் மாலை ஏழு மணிக்கும் கை வைக்க முடியாமல் சுடுவது அப்போது நினைவுக்கு வராது. அதனால் வெயில் காலத்திலேயே ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எந்தச் சுவரில் எத்தனை மணிவரை வெயில் அடிக்கிறது, மேல்தளம் இரவு எத்தனை மணிக்குச் சூடு தணிகிறது, எத்தனை பேர் படுக்கிறோம், ஜன்னல் எவ்வளவு பெரிது. எங்கள் அறை 120 சதுர அடிதான். கீழ்த்தளமாக இருந்தால் ஒரு டன்னே போதும். மேல் வெயில் காரணமாக ஒன்றரை டன் தேவைப்பட்டது.

அடுத்தது, மாட்டிவிட்டு மூடி வைப்பது. தையில் மாட்டி, சித்திரையில் முதல்முறை போடுகிறவர்கள் உண்டு. கசிவு இருந்தால் அதுவும் சித்திரையில்தான் தெரியும், மறுபடி அதே கூட்டத்தில் போய் நிற்க வேண்டும். மாட்டும் வேலையை நண்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். ரிமோட்டில் 16 வைத்து அரை மணி நேரம் ஓட்டி, ஏசிக்குள் போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று வெப்பமானியில் பார்க்கச் சொல்லுங்கள். 8 முதல் 12 டிகிரி இருந்தால் நல்லது. ஒரு சொம்புத் தண்ணீரை இன்டோர் யூனிட்டின் தட்டில் ஊற்றி, அது டிரெயின் பைப் வழியாக முழுவதும் வெளியே போகிறதா என்றும் பாருங்கள். அப்புறம் கோடை வரும்வரை வாரம் ஒருமுறை கொஞ்ச நேரம் ஓட்டினால் போதும்.

ஆண்டுத் தொடக்கத்தில் கடைகள் பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கும், அதையும் கவனியுங்கள். 2026 ஜனவரி 1 முதல் ஏசிகளின் மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர அளவுகோல் கடுமையாகியிருக்கிறது. பழைய அளவில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஏசி புதிய அளவில் நான்காக இறங்கலாம். நட்சத்திரச் சீட்டிலேயே அது எந்தக் காலத்துக்குச் செல்லும் என்று அச்சிட்டிருப்பார்கள். பழையது என்றால் வாங்கக் கூடாது என்றில்லை, விலையும் அதற்கேற்ப இறங்கியிருக்க வேண்டும்.

சரி, தீபாவளித் தள்ளுபடியில் வாங்கினால் என்ன என்று கேட்பார்கள். வேறு ஊர்களுக்கு அது சரியாக இருக்கலாம், நமக்கு ஐப்பசி என்றால் மழை. வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும் மழை, கிழக்குச் சுவரில் போட்ட புதுத் துளை வழியாக உள்ளே இறங்கும். ஈரச் சுவரில் துளையைச் சுற்றிப் பூசும் சிமென்ட்டும் சரியாகப் பிடிக்காது. பைப்பின் வாய் திறந்திருக்கும் நேரமெல்லாம் ஈரக் காற்று உள்ளே போகும். புயல் வேறு இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்' புயல், இரண்டுமே நம் கரையில்தான் ஏறின. ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரின் தாழ்வான பகுதிகளுக்குள் புகுந்தது. தரையில் வைத்த அவுட்டோர் யூனிட் அப்படிப்பட்ட வெள்ளத்தில் மூழ்கிவிடும். தீபாவளிக்கு மாட்டுகிற புது ஏசி, ஒருநாள்கூட உபயோகப்படாமல் ஆண்டின் மிக மோசமான இரண்டு மாதத்தைத்தான் முதலில் சந்திக்கிறது. தையில் மாட்டினால் அடுத்த மழைக்குள் ஸ்டாண்டையும் துளையையும் சரிபார்த்துக்கொள்ளக் கிட்டத்தட்ட ஒன்பது மாதம் கிடைக்கும்.

தீபாவளிக்கு வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் பரணில் வைப்பதும் கூடாது. வாரண்டி பொதுவாகப் பில் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கும். விலைக்காக மட்டும் பண்டிகைவரை காத்திருக்க வேண்டிய காரணமும் குறைந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது எல்லா மாதத்துக்கும்தான்.

தையை விட்டுவிட்டவர்களுக்கு ஆடித் தள்ளுபடி பரவாயில்லை. வெயில் இன்னும் இருக்கும், ஆனால் மே மாதத்து நெரிசல் இருக்காது. ஆடியில் புதுப்பொருள் வாங்கத் தயங்கும் வீடுகளில் ஆவணி முதல் வாரத்தில் முடித்துவிடலாம். அதற்கு மேல் தள்ளாதீர்கள்.

மின்சார வேலையை ஏசி வரும் நாளுக்கு ஒத்திவைப்பதும் பரவலாக நடக்கிறது. ஒன்றரை டன்னுக்கு மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர், தனி எம்சிபி (மின்சாரம் அதிகமானால் தானாக அணையும் சுவிட்ச்), நல்ல எர்த் எல்லாம் வேண்டும். வீட்டு இணைப்புக்கு ஏற்கெனவே அனுமதி வாங்கியிருக்கும் மின்சார லோடு போதுமா என்றும் பார்க்க வேண்டும். கூடுதல் லோடு கேட்டு மின்வாரியத்திலோ புதுச்சேரி மின்துறையிலோ விண்ணப்பிக்க மார்கழியே நல்ல நேரம். சுவரைக் கொத்திப் பூசிப் பெயின்ட் அடிப்பதும் அப்போதே முடிந்துவிடும்.

கடலுக்குப் பக்கத்தில், தேவனாம்பட்டினத்திலோ குருசுக்குப்பத்திலோ, இருப்பவர்கள் அவுட்டோர் யூனிட்டைக் கடற்காற்று நேரே அடிக்காத சுவரில் வைக்க முயலுங்கள். துருப்பிடிக்காத போல்ட்டும் கால்வனைஸ் செய்த ஸ்டாண்டும் கேளுங்கள். அவசரத்தில் வருகிறவர் கையில் இருக்கும் சாதாரண இரும்பு ஸ்டாண்டைத்தான் மாட்டுவார், உப்புக்காற்றில் அது சீக்கிரமே உதிரத் தொடங்கும். தையில் என்றால் இதையெல்லாம் சொல்லி வரவழைக்க நேரம் இருக்கும்.

கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்து, மே மாதத்தில்தான் மாட்ட வேண்டும் என்ற நிலை வந்தால் தயங்க வேண்டாம், உடம்புதான் முக்கியம். ஆனால் அன்றைய முதல் வீடாக உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், காலை ஏழரை மணி என்றாலும் பரவாயில்லை. வேக்யூம் பம்ப் கையில் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். அதற்குத் தனியாகக் கொஞ்சம் பணம் கேட்டாலும் கொடுங்கள். பம்ப் இல்லாமல் வந்து நின்றால் பைப்பைத் தொட விடாமல், ஒரு டம்ளர் மோர் கொடுத்து, மறுநாள் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். இன்னும் ஒரு இரவு ஃபேன் காற்றில் படுத்துக்கொள்ளலாம்.