ஜேர்மன்-அமெரிக்க நாவல்களில் புலம்பெயர்ந்தோரை வாசிப்பது எப்படி

புலம்பெயர் இலக்கியம் என்றதும் கொழும்பு வாசகருக்கு 1983இற்குப் பின் பாரிசுக்கும் பேர்லினுக்கும் போன உறவினர்களே முதலில் நினைவுக்கு வருவார்கள். அந்த நினைவோடு ஜேர்மன்-அமெரிக்க நாவல் ஒன்றைக் கையில் எடுப்பதில் தவறில்லை. அதையே அளவுகோலாக்கிக்கொண்டால்தான் வாசிப்புப் பிழைத்துவிடும்.

முதலில் ஆண்டைப் பாருங்கள். கதை 1917இற்கு முன் நிகழ்கிறதா, பின் நிகழ்கிறதா என்பது முக்கியம். அமெரிக்கா அந்த ஆண்டில் ஜேர்மனிக்கு எதிராகப் போரில் இறங்கும்வரை சின்சினாட்டி, மில்வாக்கி போன்ற நகரங்களில் ஜேர்மன் பத்திரிகையும் பாடசாலையும் தேவாலயமும் கூச்சமின்றி இயங்கின. அதன்பின், ‘சவர்க்ராட்’ என்ற ஜேர்மன் பெயரை விட்டு, புளிக்கவைத்த கோவாவைக்கூட ‘சுதந்திரக் கோவா’ என்று அழைக்கலானார்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைகளுக்கு அந்நிய மொழி கற்பிப்பதை நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் சட்டத்தால் தடுத்தது. 1923இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதாக்கியது. (1956இல் ‘சிங்களம் மட்டும்’ சட்டத்தைக் கண்ட இலங்கையில் மொழிச் சட்டமொன்றின் கனத்தை விளக்கத் தேவையில்லை.)

அடுத்து, பாத்திரம் தன்னைப் பற்றிச் சொல்வதை அதிகம் நம்பாமல், வீட்டுக்குள் அது நடந்துகொள்ளும் விதத்தைக் கவனியுங்கள். தியடோர் டிரைசர் 1911இல் வெளியிட்ட ‘ஜென்னி கெர்ஹார்ட்’ இதற்கு நல்ல பயிற்சி. ஜென்னியின் தந்தை சாக்சனியில் கட்டாய இராணுவச் சேவைக்கு உடன்படாமல், 18ஆவது வயதில் பாரிசுக்குத் தப்பியோடி, அங்கிருந்து அமெரிக்கா வந்த கண்ணாடித் தொழிலாளி. அதிகாரத்துக்கு அடங்காமல் ஓடிவந்த அதே மனிதர், மணமாகாமல் கருவுற்ற மகளை வீட்டைவிட்டுத் துரத்துகிறார். பின்னர் பேத்திக்கு ஞானஸ்நானம் கொடுத்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவரும் அவரே. இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்து வாசித்தால், ஊரை விட்டு வந்தவருக்கு லூதரன் சபையே ஊராகிவிட்டது புலப்படும். இதைப் பழமைவாதம் என்ற ஒரே சொல்லில் முடிப்பவர்கள் நாவலின் சிறந்த பகுதியைத் தவறவிடுகிறார்கள் என்பேன்.

கூடவந்த பொருள்களையும் குறித்துக்கொள்ளுங்கள். லூயிஸ் எர்ட்ரிக்கின் 2003ஆம் ஆண்டு நாவலொன்றில், முதலாம் உலகப் போரில் ஜேர்மனிக்காகச் சுட்ட இறைச்சிக்காரர், கத்திகளும் சொசேஜஸும் நிறைந்த சூட்கேசோடு வந்து, சொசேஜஸ் விற்ற காசு தீர்ந்த வட டகோட்டா ஊரிலேயே தங்கிவிடுகிறார். அடுத்த போரில் அவருடைய பிள்ளைகள் இரு பக்கத்திலும் நிற்கிறார்கள்.

விமர்சன நூல்களைத் திறக்குமுன் ஒரு கொப்பியில், யார் யாரிடம் எந்த மொழியில் கோபிக்கிறார், எந்த மொழியில் செபிக்கிறார் என்று பக்க எண்ணோடு எழுதிவையுங்கள். கட்டுரையை அந்தக் கொப்பியிலிருந்து தொடங்குங்கள்.