பயோ என்சைம் ஊற்றினால் ஏரி சுத்தமாகுமா? நொதிகளைப் பற்றிய தவறான எண்ணங்கள்

வெல்லம் ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. மூடி வைத்து மூன்று மாதம் காத்திருந்தால் பயோ என்சைம் தயார். தரை துடைக்க, பாத்திரம் கழுவும் தொட்டியின் நாற்றம் போக்க இது நன்றாகவே உதவும். அதே கரைசலை டிரம் டிரம்மாக ஏரியிலும் குளத்திலும் ஊற்றி "நீர்நிலையைச் சுத்தம் செய்துவிட்டோம்" என்று படம் போடும்போதுதான் சிக்கல். அது ஓசோனை வெளியிட்டுக் காற்றையும் சரிசெய்யும் என்றுகூட வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

அந்த மூன்று மாதமும் டப்பாவுக்குள் நடப்பது புளிப்பேறுதல். ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது, பாக்டீரியாக்கள் சாராயத்தை அசிட்டிக் அமிலமாக்குகின்றன. கடைசியில் கையில் இருப்பது கிட்டத்தட்ட வினிகர். கறையை எடுப்பதில் பெரும்பங்கு இந்த அமிலத்துக்குத்தான். பழத்தோலில் இருந்த நொதிகளில் (என்சைம்கள், உயிர்களில் வேதிவினைகளை வேகப்படுத்தும் புரதங்கள்) பல இவ்வளவு புளிப்பில் உருக்குலைந்துவிடும். தப்பிப் பிழைத்தவையும் புரதங்கள்தானே? ஏரியில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு அவை சாப்பாடு. ஓசோன் உண்டாக இதில் வழியே இல்லை.

சாக்கடை கலக்கும் ஏரியில் நொதிகளுக்குப் பஞ்சம் கிடையாது. கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, தேவையான நொதிகளைத் தாங்களே செய்துகொள்கின்றன. அங்கே தட்டுப்பாடாக இருப்பது கரைந்த ஆக்சிஜன். நாம் ஊற்றும் கரைசலில் இருக்கும் மிச்சச் சர்க்கரையையும் அமிலங்களையும் தின்ன அந்தப் பாக்டீரியாக்கள் இன்னும் கொஞ்சம் ஆக்சிஜனை இழுக்கும். பெரிய ஏரியில் இது தெரியாது. சின்னக் குளத்தில் நிறைய ஊற்றினால் மீன்களுக்குத்தான் ஆபத்து.

அதோடு, நொதி எந்த அணுவையும் இல்லாமல் ஆக்காது. ஆகாயத்தாமரை மண்டுவதற்குக் காரணம் சாக்கடையோடு வரும் பாஸ்பரஸும் நைட்ரஜனும். நொதி பாஸ்பேட்டை ஒரு மூலக்கூறிலிருந்து பிரித்துவிடலாம். ஆனால் பாஸ்பரஸ் ஏரியில்தான் கிடக்கும், முன்பைவிடச் செடிகள் எளிதாக உறிஞ்சும் வடிவத்தில். காரீயம், குரோமியம் போன்ற உலோகங்களும் அப்படித்தான், எங்கேயும் போகாது. சாக்கடை வரும் வாய்க்காலை அடைக்காமல் வேறு எதை ஊற்றினாலும் பலனில்லை.

வினையூக்கி இருந்தால் ஆற்றலே தேவைப்படாதா?

பள்ளியில் படித்ததைப் பாதி நினைவில் வைத்திருப்பதால் வரும் குழப்பம் இது. நொதியும் ஒரு வினையூக்கிதான், உயிர்கள் செய்யும் வினையூக்கி. வினையூக்கி செய்வது ஒன்றே ஒன்று: வினை தொடங்குவதற்குத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடையைக் குறைப்பது. நடக்கவே முடியாத வினையை அது நடத்திவைக்காது, வினை எந்தச் சமநிலையில் போய் நிற்கும் என்பதையும் மாற்றாது. மரமும் ஆக்சிஜனும் சேர்ந்து கரியமில வாயுவாக மாறுவது இயல்பாகவே நடக்கக்கூடியதுதான். ஆனாலும் கோவில் கதவு நூற்றாண்டுக் கணக்கில் நிற்கிறது. அதே மரத்துண்டு ஈரமான காட்டுத் தரையில் விழுந்தால் சில ஆண்டுகளில் மட்கிப்போகும். வேதியியல் இரண்டுக்கும் ஒன்றுதான், காட்டில் பூஞ்சையின் நொதிகள் இருக்கின்றன.

நைட்ரஜனைப் பாருங்கள். காற்றில் 78 சதவீதம் அதுதான், ஆனால் இரண்டு அணுக்களுக்கும் இடையே மூன்று பிணைப்புகள். அவற்றை உடைத்து அம்மோனியா செய்ய, ஹேபர்-பாஷ் முறையில் உரத் தொழிற்சாலைகள் இரும்பு வினையூக்கியை வைத்துக்கொண்டும் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பமும், வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்கைத் தாண்டும் அழுத்தமும் கொடுக்கின்றன. உளுந்துச் செடியின் வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா, நைட்ரஜனேஸ் என்ற நொதியால் இதை மண்ணின் வெப்பத்திலேயே செய்துவிடுகிறது. உடனே "இயற்கை இலவசமாகச் செய்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். இலவசம் இல்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்குக் குறைந்தது 16 ஏடிபி (செல்கள் ஆற்றலுக்காகச் செலவழிக்கும் மூலக்கூறு) செலவு. அந்த ஏடிபிக்கான சர்க்கரையைச் செடிதான் இலையில் சமைத்து வேருக்கு அனுப்புகிறது.

இது தெரிந்தால் வயலில் நடக்கும் பல தவறுகள் புரியும். பயறு வகைக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். கையில் நைட்ரேட் கிடைக்கும்போது சர்க்கரை கொடுத்து அதை ஏன் வாங்க வேண்டும்? முடிச்சுகளை எண்ணிப் பார்த்துத் திருப்திப்படுவதும் போதாது. ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. அந்த நிறம் லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்தில் இருப்பதன் உறவுக்காரப் புரதம். ஆக்சிஜன் பட்டால் நைட்ரஜனேஸ் கெட்டுவிடும், ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்த இக்கட்டைச் சமாளிக்கவே அந்தப் புரதம் ஆக்சிஜனை அளந்து கொடுக்கிறது. உள்ளே வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சை நம்பிப் பயனில்லை. நைட்ரஜனேஸுக்கு இரும்போடு மாலிப்டினமும் வேண்டும். அமில மண்ணில் மாலிப்டினம் செடிக்குச் சரியாகக் கிடைக்காது, ரைசோபியம் கலந்து விதைநேர்த்தி செய்தும் முடிச்சு வேலை செய்யாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், பயறு போட்டாலே மண்ணில் நைட்ரஜன் சேர்ந்துவிடும் என்பதும் அரைகுறை உண்மை. செடி பிடித்த நைட்ரஜனில் பெரும்பகுதி மணியில் போய் உட்கார்ந்துவிடும். மணியை விற்று, செடியை மாட்டுக்குப் போட்டுவிட்டால் நிலத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். பசுந்தாள் உரமாக வளர்க்கும் தக்கைப்பூண்டையும் சணப்பையையும் மணி பிடிக்கும் முன், பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது இதனால்தான்.

வேகம் கூடினால் நல்லதுதானே?

இந்தத் தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது என்பேன். சூழல் மண்டலம் ஓடுவதற்கு நொதிகள் எவ்வளவு முக்கியமோ, அவற்றுக்கான தடைகளும் அவ்வளவு முக்கியம்.

யூரியேஸ் என்ற நொதியை எடுத்துக்கொள்வோம். தம்பட்டங்காயின் உறவான ஓர் அவரை விதையிலிருந்து ஜேம்ஸ் சம்னர் 1926-இல் இதைப் படிகமாகப் பிரித்தார். நொதியைப் படிகமாக எடுத்தது அதுவே முதல்முறை. 1946-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. மண்ணில் இந்த நொதி தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஈர மண்ணின் மேல் யூரியாவைத் தூவினால், வேர் எடுத்துக்கொள்வதற்குள் யூரியேஸ் அதை அம்மோனியாவாக உடைத்துவிடும். தண்ணீர் கட்டிய நெல்வயலில் இன்னொரு தொல்லை: பகலில் பாசிகள் தண்ணீரில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் காரத்தன்மை ஏறி, அம்மோனியா வாயுவாகப் பறக்கும். ஆகவே இங்கே நமக்கு வேண்டியது வேகம் இல்லை, தாமதம். இந்தியாவில் 2015-இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுவது கட்டாயமானது. அது முக்கியமாகத் தடுப்பது யூரியேஸை அல்ல, அடுத்த படியில் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களை. ஆகவே வேம்பு பூசிய யூரியாதானே என்று மேலாகத் தூவிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

சதுப்பு நிலங்களில் இந்தத் தாமதத்தின் அளவு நம்ப முடியாதது. பீட் எனப்படும் பாதி மட்கிய கரிமண் உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் உலகக் காடுகளின் மரங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பன் அதில் இருக்கிறது. வேல்ஸின் பேங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் ஃப்ரீமனும் உடன் பணியாற்றியவர்களும் 2001-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ஃபீனால் சேர்மங்களைச் சிதைக்கும் ஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும். நீர் தேங்கிய பீட்டில் அது கிடைக்காது. அதனால் ஃபீனால் சேர்மங்கள் சிதையாமல் சேர்கின்றன. சேர்ந்தவை, ஆக்சிஜனே தேவைப்படாத மற்ற மட்கு நொதிகளையும் முடக்கிவிடுகின்றன. ஒரே ஒரு நொதியின் முடக்கம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் கார்பனைப் பூட்டி வைத்திருக்கிறது. கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால் அந்தப் பூட்டு திறந்துவிடும். காய்ந்த பீட் எரியவும் செய்யும். இந்தோனேசியாவில் 1997-இலும் 2015-இலும் வடித்துவிட்ட பீட் நிலங்கள் எரிந்து அண்டை நாடுகள்வரை புகை சூழ்ந்தது.

உயிரில்லாத வினையூக்கியும் இந்தக் கணக்கில் உண்டு. குளிர்சாதனப் பெட்டிகளிலிருந்து கசிந்த குளோரோஃபுளோரோகார்பன்கள் மேல் வளிமண்டலத்தில் உடையும்போது வரும் ஒரு குளோரின் அணு, ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள்வரை அழிக்க முடியும். காரணம் அது வினையில் தீர்ந்துபோகாமல் முழுதாகத் திரும்பி வருவதுதான். வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974-இல் இதை எச்சரித்தார்கள். அன்டார்டிகாவின் மேல் ஓசோன் இப்படி மெலிந்திருப்பதை 1985-இல் கண்டார்கள், 1987-இல் இந்தச் சேர்மங்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது.

எல்லா நொதியும் 37 டிகிரியில்தான் வேலை செய்யுமா?

வெப்பத்தோடு நொதியின் வேகம் மாறுவதைக் காட்டும் பாடப்புத்தக வரைபடம் மனித உடலை வைத்துப் போடப்பட்டது. அன்டார்டிகக் கடல் மீனின் நொதிகள் உறைநிலைக்குப் பக்கத்தில் இயங்குகின்றன, வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவின் நொதிகள் 70 டிகிரிக்கு மேல். நம் ஊர் மண்ணில் வெப்பத்தைவிடத் தண்ணீர்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பூஞ்சை வெளியே விடும் நொதி இலையைச் சென்று சேர, மண் துகளைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலமாவது வேண்டும். கத்திரி வெயிலில் வெப்பம் எக்கச்சக்கம், ஆனால் சருகு அப்படியே கிடக்கும். முதல் மழை விழுந்ததும் மண்ணிலிருந்து கரியமில வாயு குபுகுபுவென்று கிளம்பும். கிழக்கு ஆப்பிரிக்க மண்களில் இதை ஆராய்ந்து 1958-இல் எழுதிய பர்ச்சின் பெயரால் இதை பர்ச் விளைவு என்கிறார்கள். அப்போது நைட்ரஜனும் சேர்ந்து விடுபடும். அந்த நேரத்தில் நிலம் வெறுமையாகக் கிடந்தால் அடுத்த மழை அதை அடித்துக்கொண்டு போய்விடும்.

எதையும் மட்க வைக்கும் ஒரே பொடி

அப்படி ஒன்று இருக்க முடியாது. ஒரு நொதி குறிப்பிட்ட பிணைப்பைத்தான் வெட்டும். சமையலறைக் கழிவில் வேலை செய்யும் கரைசல் தென்னை நார்க்கழிவில் தோற்பதற்குக் காரணம் லிக்னின், மரத்துக்கும் நாருக்கும் உறுதி தரும் பொருள். அது செல்லுலோஸை மூடிக்கொண்டிருப்பதால் அதை வெட்டும் செல்லுலேஸ் நொதி உள்ளே போகவே முடியாது. லிக்னினை உடைப்பதில் கைதேர்ந்தவை வெண்மட்குப் பூஞ்சைகள். அவற்றின் லிக்னின் பெராக்சிடேஸ் நொதி 1983-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நார்க்கழிவை மட்க வைக்கச் சிப்பிக்காளான் வித்தையும் யூரியாவையும் சேர்க்கச் சொல்வது இதனால்தான்: காளான் லிக்னினைப் பிரிக்கும், யூரியா நைட்ரஜன் பற்றாக்குறையை ஈடுகட்டும். இந்த நொதி வேலை செய்யக் காற்றும் வேண்டும். தண்ணீர் சொட்டச் சொட்டக் குவித்து மூடினால் காளானும் சாகும், வேலையும் நிற்கும்.

கரையானும் இதே வித்தையைத்தான் கையாள்கிறது. புற்றுக்குள் காளான் தோட்டம் வளர்த்து, மரத்தை அதற்குத் தின்னக் கொடுக்கும் இனங்கள் நம்மிடம் உண்டு. மழைக்குப் பின் முளைக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்திலிருந்து வருவதுதான். பல கோடி ஆண்டுகளுக்கு முன் லிக்னினை உடைக்கும் பூஞ்சை இல்லாததால்தான் உலகில் நிலக்கரி சேர்ந்தது என்ற கதையை அறிவியல் பக்கங்கள் இன்னும் பகிர்கின்றன. 2016-இல் வந்த விரிவான ஆய்வு அதைக் கடுமையாக மறுத்து, ஈரமான வெப்பமண்டலமும் தாழ்ந்துகொண்டே போன படுகைகளுமே காரணம் என்று காட்டியது.

கடைசியாக ஒரு நடைமுறைத் தவறு. மண்ணில் நொதிச் செயல்பாட்டை அளந்து "மண் உயிரோடு இருக்கிறது" என்று சான்றிதழ் தருவதைப் பார்க்கிறோம். எந்த நொதி என்று கேளுங்கள். யூரியேஸும் பாஸ்படேஸும் அவற்றைச் செய்த உயிர் செத்த பின்பும் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு நீண்ட நாள் இயங்கும். டீஹைட்ரஜனேஸ் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே இயங்குவது. அந்த எண் அறிக்கையில் இல்லையென்றால், மற்ற எண்கள் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் இப்போது அங்கே எவ்வளவு உயிர் இருக்கிறது என்று அவற்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.